பயிற்சி நோயாளியின் கணவர்

என் கணவர் லிப்ட் சோதிப்பவர். உயரமான கட்டடங்களுக்கெல்லாம் போய், லிப்டில் ஏறி இறங்கி, கம்பியையும் பூட்டையும் தட்டிப் பார்த்து, "ஓடலாம்" என்று கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் ஆறாவது ஆள் காலை வைக்கும்போதே கையை நீட்டி மறித்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கிட்னி மாற்றிய மனைவி ஒருத்தி வாய்த்தால் வீடு என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிட்னியைக் கொடுத்தது என் தங்கை. அது என் உடம்பில் சண்டை சச்சரவு இல்லாமல் குடியிருக்க, நான் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் காவல்காரனைக் கொஞ்சம் தூங்க வைத்துவிடும். அதனால் மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போகிற கிருமி, என்னை ஆஸ்பத்திரிக் கட்டில் வரை கொண்டுபோய் விட்டுவிடும். இதை டாக்டர் பொறுமையாகச் சொன்னார். என் கணவர் நடுங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அன்று முதல் எங்கள் சமையலறை அவர் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது. எல்லாம் குழையக் குழைய வெந்து வந்தது. தட்டில் இருப்பது காரட்டா உருளைக்கிழங்கா என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பழம் கிடையாது. வெளியே ஒரு வாய் தேநீர் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் எவர்சில்வர் டப்பா ஒன்று கூடவே வரும். எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிடும் இடத்தில் அவர் அந்த டப்பாவைத் திறந்து என் முன்னால் வைப்பார். உடனே எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் காரட்டை விட அந்தப் பார்வைதான் இறங்காது. முதல் சில மாதக் கெடுபிடி முடிந்துவிட்டது, இனிக் கவனமாக எல்லோரையும் போலச் சாப்பிடலாம் என்று டாக்டரே சொன்ன பிறகும் இவர் விடுவதாக இல்லை.

இந்த நிலையில் என் தங்கைக்கு அடுத்த மாதம் ஐம்பதாவது பிறந்தநாள் வரவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. பூண்டு போட்டு அவள் செய்யும் கோழிக்கு ஒரு ரசிகர் கூட்டமே உண்டு, அதில் நான்தான் முதல் ஆள். "போகலாமே, டப்பா எடுத்துக்கிட்டுப் போகலாம்" என்றார் இவர். அதைத் தங்கையிடம் போனில் சொன்னேன்.

"டப்பாவோட வர்றதா இருந்தா நீ வரவே வேண்டாம் அக்கா" என்றாள். "உனக்குள்ள இருக்கிற கிட்னி என் சமையலைச் சாப்பிட்டு வளர்ந்ததுதானே? அதுக்கு என்ன ஆயிடுச்சு?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தவள் கையால் ஒரு தட்டுச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட எனக்கு வக்கில்லை. பிறந்தநாளன்று அவள் மேஜையில் உட்கார்ந்து, அவள் கையால் பரிமாறச் சாப்பிட்டே தீர வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். ஆனால் இவரிடம் யார் பேசுவது?

அந்த வாரம் பரிசோதனைக்குப் போனபோதுதான் டீச்சரைச் சந்தித்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே உணவியல் கல்லூரி. அங்கே கடைசி வருட மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர் இந்த டீச்சர். ஆள் குட்டை, சிரிப்பு மட்டும் மூன்று அறை தள்ளிக் கேட்கும். உடம்பு பலவீனமான நோயாளிகளுக்கு எதை எப்படிப் பத்திரமாகச் சாப்பிடுவது என்று சொல்லித்தர மாணவர்களைத் தயார் செய்கிறாராம். நிஜ நோயாளியிடம் அனுப்பும் முன் பழகிப் பார்க்க, நோயாளியாக நடிக்க ஆள் வேண்டுமாம்.

"நான் வர்றேன்" என்றேன், அவர் முடிக்கும் முன்பே.

"நடிப்பு வருமாம்மா?"

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். வராத ரயிலை "இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று தேன் ஒழுகும் குரலில் இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். நடிப்பு வராமல் என்ன?

உள்ளுக்குள் எனக்கு வேறு கணக்கு இருந்தது. படித்த பிள்ளைகள். அதில் ஒருவராவது "சாப்பிடலாம்" என்று சொல்வார். அதை என் கணவர் காதில் போட்டுவிடலாம்.

கல்லூரியில் ஆஸ்பத்திரி அறையைப் போலவே ஓர் அறை. மேஜை, நாலைந்து நாற்காலி, கை கழுவத் தொட்டி. பக்கத்தில் பயிற்சிச் சமையலறை. டீச்சருக்கு ஒரு சட்டம் உண்டு: அவரவர் சொந்த நோயை நடிக்கக் கூடாது. "சொந்த வலியை வெச்சு விளையாடறது வேண்டாம்மா, மனசு தாங்காது" என்பார். அதனால் எனக்கு வேறு வேஷம் கொடுப்பார். ஒரு நாள் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் பெண், ஒரு நாள் பிள்ளைத்தாய்ச்சியின் மாமியார். பேசி முடித்ததும் டீச்சர் கையைத் தட்டி, "வேஷம் கலையலாம்" என்பார். அப்போது நான் நானாகி, அந்தப் பிள்ளையிடம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். என் கணவர் வெளியே வராந்தாவில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

முதலில் வந்த பையன் கிருமிகளின் பெயரை எல்லாம் செய்தி வாசிப்பது போல ஒப்பித்தான். அவனுக்குச் "செய்தி" என்று பெயர் வைத்தேன். வேஷம் கலைந்ததும், "தம்பி, அந்தக் கிருமிங்க பேரெல்லாம் ரொம்ப அழகா இருந்துச்சு. இப்ப நான் வீட்டுக்குப் போய் மிச்சச் சாதத்தை என்ன பண்ணணும்?" என்று கேட்டேன். அவன் திருதிருவென்று விழித்தான். அப்புறம் அவனே விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல பிள்ளை.

இரண்டாவதாக வந்தவள்தான் நம்ம ஆள். ஒல்லியாக, காது வரை பயத்தோடு உட்கார்ந்தாள். "பாதி வெந்த முட்டை கூடாது. காய்ச்சாத பால் கூடாது. தெருவுல வெட்டி விக்கிற பழம் கூடாது. முளைகட்டின பயறு பச்சையா கூடாது. ஆறிப்போனது கூடாது." மூச்சு விடாமல் பேசினாள். சொன்னது எல்லாமே சரிதான், ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அவள் பேசி முடித்தபோது எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட யோசனையாக இருந்தது.

டீச்சர் கையைத் தட்டினார். "எப்படிம்மா இருந்துச்சு?"

"பட்டினி கிடந்தா ரொம்ப நல்லதுன்னு தோணுச்சு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சிரிக்கிற விஷயம் இல்லை. பயத்துல சாப்பாட்டைக் குறைச்சு, எலும்பும் தோலுமா திரும்பி வர்ற நோயாளிங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். கிருமி செய்யற வேலையை நாமளே செஞ்சுடறோம். இவங்க இந்த ரூமை விட்டுப் போகும்போது பசியோட போகணும். ஒரு 'கூடாது' சொன்னா, அது ஆறறதுக்குள்ள 'இப்படிச் சாப்பிடுங்க'ன்னு ஒண்ணு சொல்லணும். புரியுதா?"

அன்று முதல் நான் அவளைக் "கூடாது" என்றுதான் கூப்பிட்டேன். முதல் நாள் முறைத்தாள், இரண்டாம் நாள் "என்னம்மா?" என்று திரும்பிப் பார்த்தாள். ஒரு நாள் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் ஒண்ணு சாப்பிடலாம்னு சொல்லி, அதுனால யாருக்காவது ஏதாவது ஆயிட்டா? 'கூடாது'ன்னு சொல்லிட்டா நான் தப்பிச்சுக்குவேன்ல?"

தள்ளி உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தேன். டப்பாவின் மூடி சரியாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளும் அவரும் ஒரே அச்சு. எனக்கு இருவர் மேலும் ஒரே நேரத்தில் எரிச்சலும் பாசமும் வந்தது.

அடுத்த வகுப்பு சமையலறையில். டீச்சர் ஒரு கோழியின் மேல் கண்ணுக்குத் தெரியாத பொடி ஒன்றைத் தடவி வைத்திருந்தார். அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "வெட்டிச் சமைங்க, காயும் நறுக்குங்க" என்றார். எல்லாம் முடிந்ததும் விளக்கை அணைத்து, கையில் ஒரு நீல விளக்கை ஏற்றினார். அடேயப்பா! கோழி தொட்ட கை போன இடமெல்லாம் பளபளத்தது. குழாயின் திருகு, குளிர்பெட்டியின் கைப்பிடி, காய் நறுக்கிய பலகை, செய்தியின் சட்டைப் பை. அவன் மூக்கைச் சொறிந்திருக்கிறான் போல, மூக்கு நுனி மின்மினிப் பூச்சியாகக் கிடந்தது. ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டிக் கத்திச் சிரித்தோம். டீச்சர் நீல விளக்கைத் தன் மேல் திருப்பினார். அவர் கண்ணாடிக் காம்பும் மின்னியது.

"பொடியைத் தடவுன எனக்கே இந்தக் கதி" என்றார்.

கூடாது மட்டும் சிரிக்காமல் அடுப்பின் மேல் இருந்த சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "மேடம், சட்டிக்குள்ள இருக்கிற கோழி கொதிச்சுடுச்சு. அதுல இருந்த கிருமி செத்திருக்கும். கை போன இடத்துலதானே ஆபத்து?"

"அதைத்தான் இவ்வளவு நாளா கத்திக்கிட்டு இருக்கேன்" என்றார் டீச்சர். அவள் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னமோ ஒன்று அவளுக்குள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

தேர்வு நாள் வந்தது. தங்கையின் பிறந்தநாளுக்கு முந்தைய வாரம். தேர்வாளராக வேறொரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். அறைக்குள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். கூடாது என்னோடுதான் பேச வேண்டும். இந்த முறை நோயாளியோடு கணவரும் உண்டு. எனக்கு ஈரல் மாற்றிய பெண் வேஷம், பக்கத்து வீட்டு விருந்துக்குப் போக ஆசைப்படுகிறவள். கணவர் வேஷத்துக்குக் கல்லூரி நூலகரை ஏற்பாடு செய்திருந்தார்கள். எதற்கும் கவலைப்படாத ஆள் அவர். "சாப்பிடட்டும், ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அதை இவள் சமாளிக்க வேண்டும்.

நூலகர் தும்மிக்கொண்டே வந்து சேர்ந்தார். கதவில் கை வைப்பதற்குள் என் கணவர் எழுந்து குறுக்கே நின்றார். எனக்குத்தான் தெரியுமே, ஆறாவது ஆள்.

"நீங்க உள்ள போகக் கூடாது சார்."

"ஏங்க, நான்தான் அந்தம்மாவுக்குப் புருஷன்" என்றார் நூலகர், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"யாரு?" என்றார் இவர்.

டீச்சர் ஓடி வந்து இருவரையும் பிரித்தார். தும்மலோடு யாரும் என் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பது நியாயம்தான், அதை டீச்சரும் ஒப்புக்கொண்டார். நேரமும் ஆகிவிட்டது. இவரைப் பார்த்து, "சார், நீங்களே உள்ள வாங்க. பத்து நிமிஷம் புருஷனா இருந்தா போதும்" என்றார். பேச வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார். அதைக் கேட்டு இவர் முகம் புளித்துப்போயிற்று. "இப்படியும் ஒரு ஆளா? இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே, டப்பாவோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். "ஆள் மாத்தியிருக்கோம் மேடம்" என்று மட்டும் தேர்வாளரிடம் சொன்னார் டீச்சர். அவரும் தலையாட்டினார்.

கூடாது வந்தாள். கை கழுவினாள். வணக்கம் சொல்லி எதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்கம்மா, இன்னைக்கு எதைப் பத்திப் பேசலாம்?"

"பக்கத்து வீட்டுல ஒரு விருந்து" என்று ஆரம்பித்தேன். "போய்ச் சாப்பிடணும்னு ஆசையா இருக்கு."

இப்போது இவர் பேச வேண்டும். "சாப்..." என்றார். தொண்டையைக் கனைத்தார். இன்னொரு முறை "சாப்..." என்றார். வண்டி நகரவில்லை. சட்டென்று, "சாப்பிடக் கூடாதுங்க! எப்படிச் சாப்பிடறது? யாரு சமைச்சாங்க, கை கழுவினாங்களா, எப்ப இறக்கினாங்க, ஒண்ணும் தெரியாது" என்று பொரிந்து தள்ளினார். மடை திறந்துவிட்டது. வெளியே தண்ணீர், வெளியே காற்று, வெளியே கரண்டி, எதையும் விடவில்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பதிலாக அவரே பேசினார்.

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர் மட்டும்தான் வேஷத்தைக் கலைப்பாரா?

"பக்கத்து வீடு இல்லைம்மா, என் தங்கச்சி வீடு" என்றேன். குரல் உடைந்துவிட்டது, ரயில் நிலையக் குரலெல்லாம் எங்கோ போய்விட்டது. "அவளுக்குப் பிறந்தநாள். டப்பாவோட வராதேன்னு சொல்லிட்டா. எனக்கு அவ கையால சாப்பிடணும்."

கூடாதுவின் காது சிவந்தது. படித்து வந்தது எல்லாம் ஒன்று, இங்கே நடப்பது ஒன்று. அவள் உதட்டில் "கூ" என்ற எழுத்து வந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அதை அப்படியே விழுங்கினாள்.

"தங்கச்சி என்ன சமைப்பாங்கம்மா?"

ஒரு வருடமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எதைச் சாப்பிட்டேன் என்று கேட்டவர்கள் உண்டு, எதற்கு ஆசைப்படுகிறேன் என்று கேட்டவர் இல்லை. நான் கோழியைப் பற்றிச் சொன்னேன். பூண்டு பொன்னிறமாகும் வாசனையிலிருந்து தொடங்கினேன். வாயில் எச்சில் ஊறியது. அதைக் கேட்டு அவளுக்கும் ஊறியது, ஓரமாக நின்ற டீச்சருக்கும்.

"நல்லா வெந்து, கொதிக்கக் கொதிக்க இறங்கற கோழியில பயப்பட ஒண்ணுமில்லைம்மா" என்றாள். பிறகு நேராக இவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க பயப்படறதுல நியாயம் இருக்கு. மேஜையில மணிக்கணக்கா ஆறிக் கிடந்து, பத்துப் பேர் கரண்டி போட்டதுக்கு அப்புறம் எடுத்தா ஆபத்துதான். அதனால அம்மாவுக்கு முதல்ல பரிமாறச் சொல்லுங்க. சட்டியில இருந்து நேரா தட்டுக்கு. மத்தவங்க எல்லாம் அப்புறம். கோழி தொட்ட பலகையிலயும் கத்தியிலயும் வேற எதையும் நறுக்க வேண்டாம்னு தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க. பழம் நீங்களே கழுவி, உரிச்சுக் குடுங்க. பம்ளிமாஸ் மட்டும் வேண்டாம், அது மாத்திரையோட சண்டை போடும். கோழி வெந்துச்சான்னு சந்தேகமா இருந்தா, கனமான துண்டுல சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்க. அந்தச் சோதனை உங்க பொறுப்பு."

சோதனை என்ற சொல் காதில் விழுந்ததும் இவர் முதுகு நிமிர்ந்தது. ஆனாலும் விடவில்லை. குரல் தணிந்து, "எல்லாம் சரியா இருந்தும் ஏதாவது ஆயிட்டா?" என்றார்.

அவள் என்னிடம் கேட்ட அதே கேள்வி. "சார் என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டாள்.

"லிப்ட் சோதிக்கறேன்."

"நீங்க சோதிச்ச லிப்ட்ல எப்பவுமே கோளாறு வராதா?"

"அப்படி யாரும் எழுதிக் குடுக்க முடியாது. சோதிச்சுட்டு ஓட விடுவோம்."

"பூட்டியே வெச்சுட்டா இன்னும் பத்திரம்தானே சார்?"

இவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "என்னம்மா பேசறே? பூட்டி வெக்கறதுக்கா லிப்ட்? மாடியில ஜனங்க இருக்காங்க. முட்டி வலிக்காரங்க இருக்காங்க, குழந்தையோட இருக்கிறவங்க இருக்காங்க. அவங்க கீழ வர வேண்டாமா? நாலு பேரைப் பார்க்க வே..."

அங்கே நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்தேன்.

டீச்சர் கையைத் தட்டினார். "வேஷம் கலையலாம்."

மூலையிலிருந்து தேர்வாளர் எழுந்து வந்தார். கூடாதுவின் தோளில் தட்டி, "நோயாளி வேற பக்கம் போனாலும் நீ கூடவே போனே. அதுதான் வேணும்" என்றார். பிறகு, நாங்கள் யாருமே எதிர்பார்க்காத விதமாக, என் கணவருக்கு இரண்டு கையாலும் கைகொடுத்தார்.

"சார், நீங்க எந்த நாடகக் குழு?"

இவர் விழித்தார்.

"இப்படி ஒரு புருஷனை நான் ஆஸ்பத்திரியில தினம் பார்க்கறேன். அப்படியே உரிச்சு வெச்சுட்டீங்க! அந்த டப்பாவை யாரோ பிடுங்கிக்கிட்டுப் போயிடுவாங்கங்கற மாதிரி இறுக்கிப் பிடிச்சிருந்தீங்களே, பிரமாதம். சொந்த டப்பாவா?"

"சொந்தம்தான்" என்றார் இவர்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நினைக்காதீங்க. அந்தம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்க பதில் சொன்னீங்க பாருங்க, அது கொஞ்சம் மிகை. நிஜத்துல எந்தப் புருஷனும் அவ்வளவு தூரம் போக மாட்டான். பார்க்கிறவங்க நம்ப மாட்டாங்க."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கூடாது தொட்டியின் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினாள். நான் என் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "அடுத்த தடவை குறைச்சுக்கறேன் மேடம்" என்றார், ரொம்பப் பணிவாக.

பேருந்தில் பாதி வழி வந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நான் அப்படித்தான் இருக்கேனா?" என்றார்.

"எப்படி?"

"அந்தம்மா சொன்ன மாதிரி."

ஒரு வருடத்துப் பதில் என் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை. "கொஞ்சம் மிகைதான்" என்றேன். "ஆனா டப்பா பிரமாதம்."

முதலில் அவர் உதடு துடித்தது. பிறகு சிரித்தார் பாருங்கள், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். அந்த ஆபரேஷனுக்கு முன்புதான் நாங்கள் கடைசியாக அப்படிச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ குழாயோடயும் ஒயரோடயும் படுத்திருந்தே. நான் வெளிய நின்னேன். உனக்காகச் செய்யறதுக்கு என் கையில ஒண்ணுமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சமையல் ஒண்ணுதான் என் கைக்கு எட்டுச்சு. அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்."

எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் அவரே தங்கைக்குப் போன் போட்டார். "என்னம்மா, ஞாயித்துக்கிழமை கோழியை அடுப்புல இருந்து எத்தனை மணிக்கு இறக்குவே?"

"என்ன அத்தான், ரெய்டா?" என்றாள் அவள்.

"சோதனைதான். உங்கக்கா உன் வீட்டுல சாப்பிடறா. டப்பா வராது. ஆனா பலகையும் கத்தியும் தனித்தனியா இருக்கணும், ஆமா."

மறுமுனையில் அவள் அழுவதும் சிரிப்பதும் எனக்குச் சமையலறை வரை கேட்டது.

ஞாயிறன்று தங்கை வீட்டில் வாசல் வரை ஆட்கள். அவள் கணவர், பிள்ளைகள், அலுவலகத் தோழிகள், அடுத்த வீட்டார். பூண்டு வாசனை மாடிப்படியிலேயே வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்தது. அடுப்படியில் என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார். சட்டியில் இருந்த கோழியின் தடித்த துண்டில் தெர்மாமீட்டரைக் குத்தி, முள் ஏறுவதையே கண் கொட்டாமல் பார்த்தார். தங்கை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என் சமையலை யாரும் இப்படிக் குத்திப் பார்த்ததில்லை அத்தான்" என்றாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. இன்னொரு துண்டிலும் குத்தினார். பிறகு தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்துவிட்டு, கூடத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"ஓடலாம்! அதாவது, பரிமாறலாம். எல்லாரும் கொஞ்சம் பொறுங்க, முதல் தட்டு என் பொண்டாட்டிக்கு."

ஒரு வருடமாக எல்லா விருந்திலும் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் வாயைப் பார்த்தவள் நான். இன்று அத்தனை பேரும் பசியோடு நின்று என் வாயைப் பார்த்தார்கள். தங்கை ஆவி பறக்கப் பரிமாறி, கரண்டியைக் கையில் பிடித்தபடியே என் முன்னால் நின்றாள். நான் ஒரு வாய் எடுத்து வைத்தேன். நாக்கு சுட்டது, பூண்டு கரைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்படி இருக்கு அக்கா? ஏதாவது சொல்லேன்!"

ஊருக்கே கேட்கப் பேசிப் பிழைக்கிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தட்டை மட்டும் நீட்டினேன்.

என் கணவர் தங்கையின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, சட்டியில் தேடி, இருப்பதிலேயே பெரிய துண்டாக ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார்.